விசாரணை அறிக்கை வரும்வரை காத்திருக்கலாமா?

மலைப்பகுதியில் நேர்ந்த சிறிய விமான விபத்து ஒன்றில் கணவரை இழந்த வாசகி ஒருவர் பன்னிரண்டு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், நாடு, தேதி அனைத்தையும் நீக்கிவிட்டு, பதிலுக்குத் தேவையான அளவுக்கு அதைச் சுருக்கித் தருகிறேன்.

ஏழு மாதங்களுக்கு முன்பு, அவருடைய கணவரும் இன்னொருவரும், நெருங்கிய நண்பர் ஒருவர் சொந்தமாக வைத்திருந்த நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின் விமானத்தில் மலைத்தொடரைக் கடந்து செல்லப் புறப்பட்டிருக்கிறார்கள். விமானத்தை ஓட்டியவர் அந்த நண்பர்தான். எரிபொருள் செலவை மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். கிளம்பி ஐம்பது நிமிடங்கள் கழித்து, சன்னல் வழியாக எடுத்த ஒரு படத்தைக் கணவர் அனுப்பினார். அதன் பிறகு தகவல் இல்லை. நான்காம் நாள் ஒரு பள்ளத்தாக்கின் மேல்முனையில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன, மூவரும் இறந்திருந்தனர். விசாரணை அமைப்பு வெளியிட்ட இரண்டு பக்க முதற்கட்ட அறிக்கையில் காரணம் எதுவும் இல்லை. இதற்கிடையே விமானத்தின் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து, “உடனடி உதவி” என்று சொல்லி ஒரு காசோலையையும் கையெழுத்திட வேண்டிய சில தாள்களையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். “இறுதி அறிக்கை வரட்டும், கறுப்புப் பெட்டி எல்லாவற்றையும் சொல்லிவிடும், மான்ட்ரியல் ஒப்பந்தப்படி பெரிய தொகை கிடைக்கும்” என்கிறார் கொழுந்தனார். “தானாகப் போய் ஏறினான், யாரைக் குற்றம் சொல்வது” என்கிறார் மாமியார். கூடவே, மகன் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தான் என்று தினமும் கேட்கிறார். விமானியின் மனைவி ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் அழைக்கிறார்; வாசகி எடுப்பதில்லை. ஆறு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் “யார் மேல் தப்பு” என்ற கேள்வி ஏழெட்டு இடங்களில் வருகிறது. அதற்கு விசாரணை அதிகாரிகள் பதில் சொல்வார்கள் என்று நம்பி, மற்ற எல்லாவற்றையும் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். உங்கள் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் ஏழு மாதம் கடந்த நிலையில் அந்த நம்பிக்கை உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் கேடு செய்யக்கூடியது என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அறிக்கை எதற்காக எழுதப்படுகிறது

1944-ஆம் ஆண்டு சிகாகோ ஒப்பந்தத்தின் பதின்மூன்றாம் இணைப்புதான் உலகெங்கும் விமான விபத்து விசாரணைகளுக்கு அடிப்படை. விசாரணையின் ஒரே நோக்கம் இனி இப்படி ஒரு விபத்து நேராமல் தடுப்பது, பழியையோ பொறுப்பையோ யார் மீதும் சுமத்துவது அதன் வேலை அல்ல என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாள், இறுதி அறிக்கைக்கு இயன்றால் 12 மாதம் என்று அது வகுத்திருக்கிறது. அந்த “இயன்றால்” என்ற சொல்லைக் கவனியுங்கள். சிறிய விமானங்களின் விசாரணை ஓராண்டைத் தாண்டி இழுப்பது வாடிக்கை. அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போய், தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையையும் அது முடிவுசெய்யும் காரணத்தையும் இழப்பீட்டு வழக்கில் சான்றாக வைக்கவே கூடாது என்று சட்டம் தடுக்கிறது. விசாரணையாளர்கள் திரட்டிய உண்மைத் தகவல்களை மட்டுமே பயன்படுத்தலாம். உங்கள் நாட்டில் விதி எப்படி என்பதை அங்குள்ள வழக்கறிஞர் சொல்வார். எப்படி இருந்தாலும், அந்த அறிக்கையைத் தீர்ப்பாக எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

அறிக்கை வந்த பிறகும் விடை கிடைக்காமல் போகலாம். 2010 ஆகஸ்ட் 9 அன்று அலாஸ்கா மலைப்பகுதியில் நடந்த தனியார் விமான விபத்தில், முன்னாள் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் உட்பட, பயணம் செய்த ஒன்பது பேரில் ஐவர் இறந்தார்கள். நால்வர் உயிர் பிழைத்திருந்தும், விமானி சிறிது நேரம் செயலற்றுப் போயிருந்தார், அதற்கான காரணத்தை நிறுவ முடியவில்லை என்ற அளவில்தான் விசாரணை முடிந்தது.

கறுப்புப் பெட்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரிக்கும் வகை விமானத்தில் பதிவுக் கருவி பொருத்த வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாகக் கிடையாது. அதற்குப் பதிலாக விசாரணையாளர்கள் விமானியின் கைக்கணினி, ஜி.பி.எஸ். கருவி, எஞ்சின் வெப்பநிலையைச் சேமித்து வைக்கும் சிறு கண்காணிப்புக் கருவி, பயணிகளின் கைபேசிகள் ஆகியவற்றிலிருந்து தகவலை எடுப்பார்கள். மீதியைச் சிதைவுகளே பேச வேண்டும். உந்துவிசிறியின் அலகுகள் குறுக்குவாட்டில் கீறப்பட்டு, எஸ் வடிவில் முறுக்கிக்கொண்டிருந்தால், மோதிய கணத்தில் எஞ்சின் விசையோடு சுழன்றது என்று பொருள். எச்சரிக்கை விளக்கின் பட்டாணி அளவுள்ள குமிழை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள்: எரிந்துகொண்டிருந்த இழை சூட்டில் இளகி நீண்டிருக்கும், அணைந்திருந்த இழை சுருள் கலையாமல் அப்படியே இருக்கும் அல்லது படக்கென்று ஒடிந்திருக்கும். இப்படிப்பட்ட வேலைக்கு நாள் பிடிப்பதில் வியப்பில்லை.

அந்தக் கடைசிப் படம்

கணவர் அனுப்பிய படத்தில் இறக்கை நுனிக்கு மேலே மலைமுகடு தெரிகிறது, “அப்படியென்றால் மலையை விடத் தாழ்வாகப் பறந்தார்களா” என்று கேட்டிருக்கிறீர்கள். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பும்போதும் படத்தில் அப்படித் தெரியும் என்பதால், அந்த ஒன்றை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஆனால் அது முக்கியமான சான்று. வாட்ஸ்அப்பில் வந்த பிரதியில் எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் உரிந்துபோயிருக்கும். மூலக்கோப்பு கணவரின் கைபேசியில்தான் இருக்கும். கைபேசி திருப்பித் தரப்பட்டிருந்தால் அதைப் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள், கடவுச்சொல்லை முயன்று பார்க்காதீர்கள், அதன் எண்ணை முடக்காதீர்கள். படம் உங்களுக்கு வந்த செய்தியையும் அழிக்காமல் வைத்து, விசாரணை அதிகாரிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

மலைப் பள்ளத்தாக்கின் மேல்முனையில் சிதைவுகள் கிடைத்தன என்று படித்ததும் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு சித்திரம் மனத்தில் வரும். அது உண்மையாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. டர்போ (மெலிந்த காற்றை அழுத்தி எஞ்சினுக்குத் தரும் கருவி) இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு விசையை இழக்கிறது. வெப்பமான நாளில் இழப்பு இன்னும் கூடும். பள்ளத்தாக்கின் தரையோ விமானம் ஏறும் வேகத்தைவிட விரைவாக உயர்ந்துகொண்டே வரும். இனி தாண்ட முடியாது என்று உணர்ந்து திரும்ப முற்படும்போது அகலம் போதாமல், மேலும் மேலும் சாய்க்க வேண்டியிருக்கும். உயரத்தை இழக்காமல் 60 பாகைச் சாய்வில் திரும்பினால் விமானம் இரண்டு மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும். அது விழாமல் நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகமும் 41 விழுக்காடு கூடிவிடும். “நான்கு இருக்கையில் மூன்று பேர்தானே, அதிக பாரம் எப்படி இருக்க முடியும்” என்ற உங்கள் வாதமும் நிற்காது. இவ்வகை விமானங்கள் பலவற்றில், எரிபொருள் முழுக்க நிரப்பினால் நான்கு பெரியவர்களை ஏற்ற முடியாது. மூவரும் அவர்களின் பைகளும் எவ்வளவு எடை, எரிபொருள் எவ்வளவு, அன்றைய வெப்பநிலை என்ன என்று கணக்குப் போட்டால்தான் தெரியும்.

விமானி இருபதாண்டு அனுபவம் உள்ளவர், அவர் தவறு செய்திருக்க மாட்டார் என்று ஓரிடத்திலும், அனுபவம் இருந்தும் கொன்றுவிட்டார் என்று இன்னோரிடத்திலும் எழுதியிருக்கிறீர்கள். உலகைத் தனியாகப் பலூனில் சுற்றிவந்த ஸ்டீவ் ஃபாசெட், 2007 செப்டம்பர் 3 அன்று சிறிய விமானத்தில் தனியே கிளம்பி, சியரா நெவாடா மலைகளில் காணாமல் போனார்; ஓராண்டுக்கும் மேல் கழித்து, 2008 அக்டோபரில்தான் சிதைவுகள் கிடைத்தன. விமானத்தின் ஏறும் திறனை மிஞ்சிய இறங்கு காற்றில் எதிர்பாராமல் சிக்கியதே காரணம் என்றது விசாரணை. உங்கள் வழக்கிலும் காப்பீட்டுத் தரப்பு “இறங்கு காற்று, இயற்கையின் செயல்” என்று வாதிடக்கூடும். காற்று எங்கிருந்து வந்தது என்று நீதிமன்றம் கேட்காது. அன்றைய காலநிலைக் குறிப்பை விமானி வாங்கினாரா, முகட்டுக்கு மேல் போதிய உயரம் எட்டாமல் ஏன் அந்தப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தார், திரும்ப இடம் இருந்தபோதே ஏன் திரும்பவில்லை என்று கேட்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் மூன்று கடிகாரங்கள்

முதலாவது, வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு. இது நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மரணத்துக்கான இழப்பீட்டு வழக்குகளுக்குப் பல இடங்களில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை. இறுதி அறிக்கை வரவில்லை என்பதற்காக அது நிற்காது. இரண்டாவது கடிகாரத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. விமானியும் இறந்துவிட்டதால், உங்கள் கோரிக்கை அவர் விட்டுச்சென்ற சொத்தின் மீதானது. இறந்தவரின் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் முன் கடன்காரர்களும் கோரிக்கையாளர்களும் அறிவிப்புக் கொடுக்கப் பல சட்டங்கள் தனியாக ஒரு கெடு வைத்திருக்கின்றன. அது வழக்குக் காலவரம்பைவிடக் குறுகியதாக, சில மாதங்களே கொண்டதாக இருக்கலாம். அது ஏற்கெனவே முடிந்துவிட்டதா என்பதை இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சிதைவுகள். விசாரணை அமைப்பு தன் வேலை முடிந்ததும் அவற்றை உரிமையாளரிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ ஒப்படைத்துவிடும். கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போவதால், யாரும் தடுக்காவிட்டால் அவை பழைய இரும்பாகிவிடும். எஞ்சினில் கோளாறு இருந்தது என்று பின்னால் சந்தேகம் எழுந்தாலும் காட்ட ஒன்றும் மிஞ்சாது. சிதைவுகளையும் பராமரிப்புப் பதிவேடுகளையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கும் விமானத்தைப் பராமரித்த பட்டறைக்கும் உங்கள் வழக்கறிஞர் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பட்டும். ஒரு பக்கக் கடிதம்தான். அதை அனுப்பாமல் இருந்துவிட்டு, இரண்டாண்டு கழித்து வெறுங்கையோடு வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

உற்பத்தியாளர் மீது வழக்கு என்ற யோசனையை அதிகம் நம்ப வேண்டாம். விமானம் நாற்பதாண்டுப் பழையது என்கிறீர்கள். அமெரிக்காவில் 1994-இல் வந்த சட்டம், சிறிய விமானத்தின் முதல் விற்பனையிலிருந்து 18 ஆண்டுகள் கடந்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, உற்பத்தியாளரைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது. அண்மையில் மாற்றப்பட்ட ஒரு பாகம் பழுதானது என்றால் அந்தப் பாகத்துக்குக் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

மான்ட்ரியல் ஒப்பந்தம் இங்கே பொருந்தாது. 1999-இல் உருவான அந்த ஒப்பந்தம், கட்டணம் வாங்கிக்கொண்டோ, விமானப் போக்குவரத்து நிறுவனம் இலவசமாகவோ நாடு விட்டு நாடு அழைத்துச் செல்லும் பயணங்களுக்கானது. உங்கள் கொழுந்தனார் குறிப்பிடும் 1,51,880 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்ற எல்லை அந்தப் பயணிகளுக்கு உரியது. ஒரே நாட்டுக்குள் நண்பரின் விமானத்தில் போன பயணத்துக்கு, அந்த நாட்டின் சாதாரணக் கவனக்குறைவுச் சட்டமே வழி.

காசோலையும் தாள்களும்

காசோலையை வங்கியில் போடாதீர்கள், தாள்களில் கையெழுத்திடாதீர்கள், திருப்பியும் அனுப்பாதீர்கள். அப்படியே ஒரு உறையில் வையுங்கள். நீங்கள் படியெடுத்து அனுப்பியிருக்கும் மூன்றாவது தாளின் தலைப்பு “பற்றுச்சீட்டு” என்றிருந்தாலும், அதன் நான்காவது பத்தி விமானியின் சொத்து, காப்பீட்டு நிறுவனம், பராமரிப்பாளர், “மற்றும் எவரும்” ஆகிய அனைவரையும் எல்லாக் கோரிக்கைகளிலிருந்தும் என்றைக்குமாக விடுவிக்கிறது. வந்த மனிதர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை; அவர் வேலை அதுதான். உண்மையான இடைக்கால உதவி என்றால், உரிமைகளைப் பாதிக்காமல் கொடுக்க முடியும். அப்படித் தரத் தயாரா என்று எழுத்தில் கேளுங்கள்.

எரிபொருள் செலவைப் பகிர்ந்ததால் அது வணிகப் பயணமாகிவிட்டது, ஆகவே காப்பீடு செல்லாது என்று அவர் வாய்மொழியாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். செலவைப் பகிர்வதும் வாடகைக்கு ஓட்டுவதும் ஒன்றல்ல. தனியார் உரிமம் உள்ள விமானி, தன் பங்குக்குக் குறையாமல் தானும் கொடுக்கும்வரை பயணிகளோடு செலவைப் பகிரலாம் என்று அமெரிக்க விதியே அனுமதிக்கிறது. ஐரோப்பாவிலும் இத்தகைய அனுமதி உண்டு. கணவர் பணம் அனுப்பியதற்கான வங்கிப் பதிவைத் தேடி எடுங்கள்; மூவரின் பங்கும் சமம் என்று அது காட்டினால் உங்களுக்கு நல்லது. பாலிசியின் முழு நகலையும் கேட்டு வாங்குங்கள். பெரிய தொகை முகப்பில் இருந்தாலும், பயணி ஒருவருக்கு இவ்வளவுதான் என்ற உள்வரம்பு உள்ளே இருப்பது வழக்கம்.

கணவரின் சொந்த ஆயுள் காப்பீடு தனி விஷயம். வான் பயண விலக்கு உள்ளதா என்று பாருங்கள். விபத்துப் பாலிசிகளில் “கட்டணப் பயணியாக, அட்டவணைப்படி இயங்கும் விமானத்தில்” என்ற நிபந்தனை அடிக்கடி வரும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நண்பரின் மனைவி

“அவளும் தாலியை இழந்தவள்தான், அவள் வீட்டை விற்கவைத்து நான் வாழ வேண்டுமா” என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி எதிர்த்தரப்பு விமானியின் சொத்து என்று எழுதப்பட்டாலும், வழக்கை நடத்துவதும் பணம் கொடுப்பதும் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே. இத்தகைய நாளுக்காகத்தான் நண்பர் ஆண்டுதோறும் தவணை கட்டினார். காப்பீட்டு வரம்புக்குள் தீர்த்துக்கொண்டு, குடும்பச் சொத்தைத் தொடுவதில்லை என்று உடன்படிக்கை செய்ய வழி உண்டு. அந்த வரம்பு உங்கள் இழப்புக்கு எந்த அளவுக்குப் போதாது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு நீங்கள் விட்டுக்கொடுத்தால், அது உங்கள் தெரிவு. தெரியாமல் விட்டுக்கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

உங்கள் பங்கை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். மகளின் பங்கை அப்படிக் கொடுக்க முடியாது. தந்தையின் வருமானத்தையும் வளர்ப்பையும் இழந்ததற்கான அவளுடைய உரிமை தனி. பல நாடுகளில் சிறாரின் கோரிக்கையைத் தாய் கையெழுத்திட்டு முடிக்க இயலாது, நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். மாமியாரின் “தானாகப் போய் ஏறினான்” என்ற பேச்சுக்கும் பதில் இதோடு சேர்ந்தது. சிறிய விமானத்தில் ஏறுபவர் பறத்தலின் ஆபத்தை ஏற்கிறார் என்று சொல்லலாம். விமானியின் கவனக்குறைவையும் ஏற்றுக்கொண்டார் என்று பொதுவாகச் சட்டம் கருதுவதில்லை.

மாமியாரின் கேள்வி

விபத்தின் அதிர்வில் தானே இயங்கி 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் இருப்பிடக் கருவி ஒலிக்கவில்லை, ஒலித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ என்பதுதான் நான்கு நாள் தேடுதலில் உங்கள் வீட்டைத் தின்றுகொண்டிருக்கும் எண்ணம். அந்தக் கருவி பிழைப்பதற்கும் அதன் செய்தி வெளியே போவதற்கும் இடையில் ஓர் ஆன்டெனாக் கம்பி இருக்கிறது. மோதலில் அது அறுந்தால் கருவி உள்ளுக்குள் அழைத்துக்கொண்டே இருக்கும், யாருக்கும் கேட்காது. நான் மேலே சொன்ன 2010 அலாஸ்கா விபத்தில் கருவி பொருத்திய இடத்திலிருந்தே கழன்று, ஆன்டெனா இணைப்பை இழந்திருந்தது. இன்னொன்றையும் கேட்டறியுங்கள்: விமானத்தில் 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் பழைய கருவி இருந்ததா? செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை 2009 பிப்ரவரி 1 முதல் நிறுத்திவிட்டன.

எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார் என்பதற்கு விடை பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கக்கூடும். அதை நீங்கள் இரவில் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம். குடும்ப மருத்துவர் ஒருவரை முதலில் படிக்கச் சொல்லி, பரிசோதித்த மருத்துவரிடம் நேரம் வாங்கி, “அவர் வேதனைப்பட்டாரா” என்ற ஒரே கேள்வியை நேருக்கு நேர் கேளுங்கள். பெரும் வேகத்தில் நிகழும் மோதல்களில் உணரும் முன்னரே முடிந்துபோவது பெரும்பாலும் உண்மை. ஆனால் உங்கள் கணவருக்கு அப்படித்தான் என்று அறிக்கையைப் பார்க்காத நான் சொல்லக் கூடாது. விடை எதுவானாலும் உங்கள் வழக்கறிஞருக்கும் தெரிய வேண்டும், ஏனெனில் சில நாடுகளில் இறப்பதற்கு முன் பட்ட துன்பத்துக்குத் தனி இழப்பீடு உண்டு. மாமியாரிடம் எவ்வளவு சொல்வது என்பதை நீங்களும் கொழுந்தனாரும் பேசி முடிவுசெய்யுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பைப் பற்றி. வழக்கு வரப்போகிறது என்பதற்காக அவரோடு பேசக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. எடுத்துப் பேசுங்கள். விமானம் எப்படி விழுந்தது, பணம், காப்பீடு ஆகிய மூன்றையும் வழக்கறிஞர்களிடம் விட்டிருக்கிறோம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். குறுஞ்செய்தியிலும் அவற்றை எழுத வேண்டாம். மற்றபடி பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று அவர் கேட்டால், நீங்களும் அவருடைய பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள்.